கனடா விண்ணப்பத்தில் பத்தாண்டு முகவரியும் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடா நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.), பெற்றோர் ஸ்பான்சர், பி.ஆர். கார்டு புதுப்பித்தல், சிட்டிசன்ஷிப் என்று எதற்குப் போனாலும் ஆட்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: எங்கே இருந்தீர்கள், எங்கே போனீர்கள், எப்போது திரும்பினீர்கள். மொழித் தேர்வுக்கும் படிப்புச் சான்றுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள்கூட இந்தப் பகுதியைக் கடைசி ராத்திரியில் நிரப்புகிறார்கள். நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, உரிமம் பெற்ற ஆலோசகரும் இல்லை. சிக்கலான வழக்கு என்றால் அவர்களிடம்தான் போக வேண்டும்.

எத்தனை வருஷத்துக் கதையைக் கேட்கிறார்கள்? பிறந்ததிலிருந்தா?

இல்லை. நிரந்தர வசிப்புரிமைக்குப் பெரும்பாலும் கடந்த 10 வருடம். 18 வயது ஆகி இன்னும் 10 வருடம் ஆகவில்லை என்றால், 18-ஆவது பிறந்தநாளிலிருந்து. ஐ.எம்.எம். 5669 என்ற படிவத்தில் முகவரியும், வேலை-படிப்பு விவரமும் வரும். ஐ.எம்.எம். 5562-இல் பயணங்கள் வரும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறன் தொழிலாளர்களுக்கான இணைய வழி விண்ணப்பம்) போகிறவர்களுக்கு இதே கேள்விகள் இணையப் படிவத்துக்குள்ளேயே இருக்கும்.

பி.ஆர். கார்டு புதுப்பிக்கவும் சிட்டிசன்ஷிப்புக்கும் கடைசி 5 வருடம்தான் கணக்கு. ஆனால் அங்கே மாதம் போதாது, நாள் வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முகவரி ஒரு இடத்தில, வேலை ஒரு இடத்தில, பயணம் ஒரு இடத்தில கேட்கிறாங்க. எல்லாம் ஒண்ணுதானே, ஏன் மூணு தடவை?

ஒன்றுதான். அதனால்தான் மூன்று தடவை கேட்கிறார்கள். அதிகாரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வேலைப் பகுதியில் 2019 ஆகஸ்டிலிருந்து 2020 ஜனவரி வரை சிகாகோவில் ஆன்சைட் என்று இருக்கும். முகவரிப் பகுதியில் அதே மாதங்களில் வேளச்சேரி வீடு. பயணப் பகுதியில் அமெரிக்காவே இல்லை. பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இருந்திருக்காது, ஆனால் பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றாது.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: படிவத்தைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு எக்செல் தாளைத் திறந்து, மாதத்துக்கு ஒரு வரி என்று பத்து வருடத்தையும் போடுங்கள். அந்த மாதம் எங்கே தூங்கினேன், என்ன செய்தேன், எந்த நாட்டுக்குப் போனேன், அதற்கு என்ன ஆதாரம் என்று நான்கு கட்டங்கள். அந்தத் தாள் முடிந்த பிறகு எல்லாப் படிவத்தையும் அதிலிருந்தே நிரப்புங்கள். கீழே ‘மாதத்தாள்’ என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

நடுவுல ரெண்டு மாசம் வேலை இல்லாம வீட்டுல இருந்தேன். அதையும் எழுதணுமா? அசிங்கமா இருக்காதா?

எழுத வேண்டும். இடைவெளி இருக்கக் கூடாது என்று படிவமே சொல்கிறது. வேலை தேடினேன், தேர்வுக்குப் படித்தேன், குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், இல்லத்தரசி: எதுவானாலும் அது ஒரு பதில்தான். வேலை இல்லாமல் இருந்தது குற்றமில்லை. வெற்றிடம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

தேதி வருடம்-மாதம் என்றே கேட்கப்படுவதால் சின்ன இடைவெளி தானாக மறைந்துவிடும். மே 10-இல் ஒரு வேலையை விட்டு ஜூன் 20-இல் அடுத்ததில் சேர்ந்தால் மே, ஜூன் என்று தொடர்ச்சியாகவே வரும். மே மாதம் விட்டு ஜூலையில் சேர்ந்தால் ஜூன் அநாதையாக நிற்கும். அதற்கு ஒரு வரி கட்டாயம்.

பாஸ்போர்ட், ஆதார் எல்லாத்துலயும் அப்பா வீட்டு அட்ரஸ். நான் இருந்தது சென்னையில மேன்ஷன், அப்புறம் பெங்களூர்ல பி.ஜி. எதைப் போடறது?

இருந்த இடத்தை. நம் ஊரில் ‘நிரந்தர முகவரி’ என்று ஒன்று எல்லாப் படிவத்திலும் இருப்பதால் கை தானாக அப்பா வீட்டை எழுதிவிடும். கனடா கேட்பது நீங்கள் வசித்த முகவரியை. விடுதி, மேன்ஷன், நண்பன் வீட்டு அறை, கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் எல்லாம் கணக்குதான். வாடகை ஒப்பந்தம் இல்லையே என்று அப்பா வீட்டை எழுதாதீர்கள். சாதாரணமாக ஒவ்வொரு முகவரிக்கும் ஆதாரம் கேட்பதில்லை. எழுதியது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கதவு எண் மறந்துவிட்டால் பழைய ஆன்லைன் ஆர்டர்களைத் தேடுங்கள். டெலிவரி முகவரி, கூரியர் ரசீது, கம்பெனி ஆஃபர் லெட்டர், வங்கிக் கடிதம் என்று எதிலாவது இருக்கும். கிடைக்கவே இல்லை என்றால் தெரு, பகுதி, ஊர், பின்கோடு வரை எழுதி, கதவு எண் தெரியவில்லை என்று விண்ணப்பத்தோடு இணைக்கும் விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

துபாய்ல எங்களுக்கு பி.ஓ. பாக்ஸ் மட்டும்தான் அட்ரஸ். படிவம் பி.ஓ. பாக்ஸ் போடாதேங்குது!

வளைகுடாவில் இருந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். அஞ்சல் பெட்டி எண்ணுக்குப் பதில் கட்டடத்தின் பெயர், ஃபிளாட் எண், பகுதி, நகரம். உதாரணமாக ‘ஃபிளாட் 304, இன்ன பில்டிங், அல் நஹ்தா, துபாய்’. துபாயில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மகானி என்று பத்து இலக்க எண் உண்டு. கட்டடத்தை வரைபடத்தில் கண்டுபிடித்தால் அதுவும் கிடைக்கும். கத்தாரில் வாசல் பக்கச் சுவரில் நீலப் பலகை இருக்கும். சோன், தெரு, கட்டட எண் மூன்றும் அதில் உண்டு. லேபர் கேம்பில் இருந்தவர்கள் கேம்பின் பெயரையும் பகுதியையும் எழுதலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துபாய் வாடகை என்றால் எஜாரி என்ற அரசு வாடகைப் பதிவைத் தேடி எடுங்கள். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் அதில் தெளிவாக இருக்கும்.

பழைய பாஸ்போர்ட் துலைஞ்சு போச்சு. முத்திரை இல்லாமல் போய் வந்த திகதியளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முத்திரை இருந்தாலும் முழுக் கதையும் அதில் இருக்காது. பல நாடுகள் முத்திரை குத்துவதையே குறைத்துவிட்டன. ஹாங்காங் 2013-இல் நிறுத்திவிட்டது. அமீரகம் 2022 முதல் வசிப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக மின்பதிவுதான். கனடாவை விட்டு வெளியே போகும்போது முத்திரை என்று ஒன்று கிடையாது. ஆகவே பாஸ்போர்ட் கையில் இருப்பவரும் கீழே சொல்வதைச் செய்யத்தான் வேண்டும்.

முதலில் மின்னஞ்சல். விமான நிறுவனங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள், பிறகு ‘இ-டிக்கெட்’, ‘போர்டிங் பாஸ்’, ‘இட்டினரரி’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். பழைய கம்பெனி மின்னஞ்சலில் போட்ட ஆன்சைட் டிக்கெட்டுகள் போயிருக்கும். அதற்கு எச்.ஆர்.-இடம் விடுப்புப் பதிவையும் பயணப் பதிவையும் கேளுங்கள். அடுத்து வங்கிக் கார்டு ஸ்டேட்மென்ட்: வெளிநாட்டு நாணயத்தில் முதல் செலவும் கடைசிச் செலவும் பயணத்தின் இரண்டு முனையையும் காட்டும். தொலைபேசியில் எடுத்த படங்களின் விவரத்தில் தேதியும் பல நேரம் இடமும் இருக்கும். விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களோடு எடுத்த படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

அரசுப் பதிவுகளும் உண்டு. அமெரிக்காவுக்கு விசாவில் போனவர்கள் ஐ-94 இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் வந்த, போன பட்டியல் கிடைக்கும். துபாய் குடிவரவுத் துறையிடம் பயண அறிக்கை கேட்டு வாங்கலாம். கனடாவுக்குள் வந்து போனதற்கு எல்லைச் சேவை முகமையான சி.பி.எஸ்.ஏ.-இடம் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பயண வரலாற்றைக் கேட்கலாம், கட்டணம் இல்லை. சட்டப்படி 30 நாள் கெடு என்றாலும் நீட்டிக்க அவர்களுக்கு வழி உண்டு, எனவே முன்கூட்டியே கேளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது மூலை வெட்டித் திருப்பிக் கொடுத்த பழைய புத்தகத்தைக் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். தொலைந்தேவிட்டது என்றால், புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண் இருக்கும். போலீஸ் முறைப்பாட்டின் நகல் இருந்தால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரையில ஒரு தேதி, டிக்கெட்டில வேற தேதி. எதை நம்பறது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும். 14-ஆம் தேதி அதிகாலை 1.30 விமானத்துக்கு 13-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்குக் குடியகல்வு முத்திரை விழும். முத்திரை 13, டிக்கெட் 14. இரண்டில் எதைப் போட்டாலும் ஒரு நாள் வித்தியாசம் யாரையும் கவிழ்க்காது. எல்லாப் பயணத்துக்கும் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும்.

கனடாவில் நாள் எண்ணும்போதுதான் இது கடிக்கும். டொராண்டோவில் 13-ஆம் தேதி இரவு ஏறினால் சென்னையில் 15 அதிகாலை முத்திரை விழும். கையில் இருக்கும் ஒரே முத்திரை அதுதான் என்பதால் பலர் 15-ஐக் கனடாவை விட்ட நாளாக எழுதிவிடுகிறார்கள். நீங்கள் கனடாவை விட்டது 13. அதே மாதிரி திரும்பும்போது சென்னை முத்திரையின் தேதியை எடுக்கக் கூடாது, டொராண்டோவில் இறங்கிய தேதியை எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தரம் ஊருக்குப் போகிறவருக்கு ஐந்து வருடத்தில் இந்தத் தவறே ஒரு வாரத்துக்கு மேல் கணக்கைத் தள்ளிவிடும்.

இன்னொன்று: 04/03 என்று எழுதியிருந்தால் ஏப்ரலா மார்ச்சா என்பது அதை எழுதிய நாட்டைப் பொறுத்தது. வடஅமெரிக்க ரசீதுகளில் மாதம் முன்னால் வருவது சகஜம். மாதத்தாளில் எப்போதும் மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள்.

எவ்வளவு தேடியும் தேதி கிடைக்கலை. உத்தேசமா போட்டுரலாமா?

போடலாம். ஆனால் உத்தேசம் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். ‘2017 மே மாதம் மலேசியாவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் சென்றேன். அந்தப் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, நாள் துல்லியமாகத் தெரியவில்லை’ என்று விளக்கக் கடிதத்தில் மூன்று வரி எழுதினால் விஷயம் முடிந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எந்த அதிகாரியும் எதிர்பார்க்கவில்லை. துல்லியமாகத் தெரிந்ததுபோல் கற்பனைத் தேதியைப் போட்டு, அது நீங்கள் தந்த வேலைச் சான்றோடு மோதினால்தான் வம்பு.

சிங்கப்பூர்ல ஆறு மணி நேரம் டிரான்சிட். அது பயணமா?

விமான நிலையத்துக்குள்ளேயே இருந்திருந்தால் இல்லை. குடிவரவைத் தாண்டி ஊருக்குள் போயிருந்தால் அந்த நாட்டுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். எழுதிவிடுங்கள், ஒரு வரிதானே.

ஆறு மாசம் இருந்த நாட்டுக்குத்தான் போலீஸ் சர்டிபிகேட் வேணும்ங்கறாங்க. நான் ஓமன்ல ஒரு வருஷம் இருந்தேன், ஆனா அஞ்சாவது மாசம் லீவுல ஊருக்கு வந்துட்டுப் போனேன். தப்பிச்சேனா?

எக்ஸ்பிரஸ் என்ட்ரி விதி: 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்தில், தொடர்ச்சியாக ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டுக்கும் சான்று, கனடா தவிர. உங்களுக்கு ஓமனில் வேலை இருந்தது, வீடு இருந்தது, ரெசிடென்ட் கார்டு இருந்தது. இரண்டு வாரம் விடுப்பில் வந்ததை வைத்து அங்கே வசிக்கவில்லை என்று வாதாடுவது என் பார்வையில் வீண் சூதாட்டம். சான்றை வாங்கி வையுங்கள்.

தற்போது வசிக்கும் நாட்டின் சான்று, விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மற்ற நாடுகளுக்கு, நீங்கள் அங்கே கடைசியாக வசித்த பிறகு வழங்கப்பட்டிருந்தால் போதும். சிட்டிசன்ஷிப்புக்கு விதி வேறு: கடந்த 4 வருடத்தில் ஏதாவது வெளிநாட்டில் தொடர்ச்சியாக 183 நாளோ அதற்கு மேலோ இருந்தீர்களா என்று கேட்பார்கள்.

2014-ல அமெரிக்க டூரிஸ்ட் விசா ரிஜெக்ட் ஆச்சு. நான் போகவே இல்லையே, எதுக்குச் சொல்லணும்?

பயணப் பட்டியலில் வராது, சரி. ஆனால் படிவத்தில் வேறு ஒரு கேள்வி இருக்கிறது: கனடாவோ வேறு எந்த நாடோ எப்போதாவது விசா மறுத்ததா, நுழைய விடவில்லையா, வெளியேறச் சொன்னதா? அதற்குப் பத்து வருட வரம்பு கிடையாது. ‘ஆம்’ என்று போட்டு, எந்த வருடம், எந்த விசா, சொல்லப்பட்ட காரணம் என்ன என்று எழுதுங்கள்.

கனடாவும் அமெரிக்காவும் குடிவரவுத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடும் ஏற்பாடு உண்டு. பழைய மறுப்பினாலேயே விண்ணப்பம் விழுவது அரிது. அதை மறைத்தால் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, தவறான தகவல், ஐந்து வருடத் தடை. இந்தப் பக்கத்தில் எங்குமே நான் பயமுறுத்தவில்லை. இங்கே மட்டும் பயப்படுங்கள்.

அம்மாவை ஸ்பான்சர் செய்யிறம். அவ சூப்பர் விசாவில (பெற்றோர் நீண்ட காலம் தங்கிற விசா) ஒன்றரை வருஷம் எங்களோட இருந்தவ. யாழ்ப்பாண வீடு அப்பிடியே கிடக்கு. எந்த முகவரி?

அந்த ஒன்றரை வருடத்துக்கு உங்கள் கனடா வீட்டு முகவரி. அதற்கு முன்னும் பின்னும் யாழ்ப்பாணம். வேலைப் பகுதியில் ஓய்வு பெற்றவர் அல்லது இல்லத்தரசி என்று தொடர்ச்சியாகப் போகும். பயண விவரம் கேட்கும் இடத்தில் கனடா வந்ததும் ஒரு பயணம்தான், விட்டுவிடாதீர்கள். இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை, மருத்துவத்துக்குச் சென்னை, மகளின் பேறுகாலத்துக்கு லண்டன் எல்லாம் அப்படியே.

வயதானவர்களிடம் ‘எந்த மாதம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘திருவிழாவுக்கு முன்னமா பிறகா, பேரப்பிள்ளை பிறந்து எத்தனை நாள்?’ என்று கேட்டுப் பாருங்கள், வாரம் வரைக்கும் சொல்வார்கள். அதை நாட்காட்டியில் வைத்து மாதமாக்குவது உங்கள் வேலை.

சிட்டிசன்ஷிப்புக்கு 1,095 நாள்ங்கறாங்க. கிளம்பின நாள், திரும்பின நாள் எல்லாம் எப்படி எண்ணறது? ஸ்டூடன்ட்டா இருந்த காலம் சேருமா?

கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். இடையில் முழுதாக வெளியே இருந்த நாட்கள்தான் கழியும். 13-ஆம் தேதி கிளம்பி 20-ஆம் தேதி திரும்பினால் ஆறு நாள் கழிவு.

பி.ஆர். ஆவதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ சட்டப்படி இருந்த நாள் ஒவ்வொன்றும் அரை நாள். அதுவும் அந்த ஐந்து வருடத்துக்குள் வர வேண்டும், அதிகபட்சம் 365 நாள். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்த காலம் சேராது. சரியாக 1,095-இல் போய் நிற்காதீர்கள். ஒரு தேதி பிசகினால் முழு விண்ணப்பமும் போகும். சில வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போடுங்கள்.

பி.ஆர். அந்தஸ்தைத் தக்கவைக்க வேண்டிய 730 நாளை இதோடு குழப்ப வேண்டாம். அது வேறு கணக்கு, கனடியக் குடிமகனான கணவன் அல்லது மனைவியோடு வெளிநாட்டில் வாழ்ந்த நாட்கள்கூட அதில் சேரும். சிட்டிசன்ஷிப் கணக்கில் அவை சேராது.

காரில பஃபலோ போய் ஷாப்பிங் முடிச்சு அன்னைக்கே வந்தாச்சு. இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது?

எல்லோருக்கும் தெரியும். 2019 ஜூலையிலிருந்து தரைவழியில் அமெரிக்காவுக்குள் நுழைகிற எல்லோரின் பதிவும் கனடாவுக்கு வெளியேற்றப் பதிவாக வந்துவிடுகிறது. விமானத்தில் போனால் 2020 ஜூனிலிருந்து விமான நிறுவனங்களே கொடுக்கின்றன. அன்றே போய் அன்றே வந்தால் ஒரு நாளும் கழியாது, மேலே சொன்ன அதே விதி. கழியாததை மறைத்து என்ன லாபம்? பட்டியலில் வைத்திருங்கள். இரவு தங்கி வந்தவற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹோட்டல் புக்கிங் மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள்.

அனுப்பின பிறகுதான் ஒரு தாய்லாந்து டிரிப் விட்டுப்போச்சுன்னு ஞாபகம் வந்தது. முடிஞ்சுதா கதை?

முடியவில்லை. முடிவு வரும் முன் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். குடிவரவுத் துறையின் வெப்ஃபார்ம் வழியாக விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, விடுபட்ட பயணத்தின் தேதியும் காரணமும் எழுதிய கடிதத்தை இணைத்து அனுப்புங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் ‘நடைமுறை நியாயக் கடிதம்’ என்ற பெயரில் ஒன்று வரும், அதில் கெடு குறிப்பிட்டிருக்கும். அது வந்துவிட்டால் வக்கீலிடமோ உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ போய்விடுங்கள், சொந்தமாகப் பதில் எழுத உட்காராதீர்கள்.

எங்க ஏஜென்ட் ‘சின்னச் சின்னப் பயணமெல்லாம் போட்டா லேட் ஆகும், விடுங்க’ங்கிறார். அவர் நிறைய பேருக்குப் பண்ணியிருக்கார்.

கையெழுத்து யாருடையது? படிவத்தின் அடியில் எல்லாம் உண்மை என்று உறுதிகூறுவது நீங்கள். ‘ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது’ என்ற பதில் 40-ஆவது பிரிவுக்கு எதிராகப் பெரும்பாலும் எடுபடுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் செய்து தருகிறவர் கனடிய வக்கீலாகவோ, அங்கே வக்கீல் சங்கத்தில் உரிமம் பெற்ற பாராலீகலாகவோ (சட்டத் துணைப் பணியாளர்), கியூபெக் நோட்டரியாகவோ, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், ஆலோசகர்களின் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. அவர் அனுப்பும் முன் நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி, உங்கள் மாதத்தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நகல் தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.